குறைந்த பட்ஜெட்டில் கார்பன் ரோடு பைக்: ட்ரையத்லானுக்கும் நீண்ட தூரத்துக்கும் எதை வாங்குவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் பயிற்சியில் புதிதாக இறங்கியவர்களும், நூறு கிலோமீட்டரைத் தாண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் இப்போதுதான் தேடத் தொடங்கியவர்களுக்கு. ஓரளவு தெரிந்தவர்கள் ஏரோபார், பழைய சைக்கிள் பற்றிய பதில்களுக்கு நேராகப் போய்விடலாம்.

கார்பன் ஃபிரேம்னா என்ன? அலுமினியத்தைவிட அதுல அப்படி என்ன இருக்கு?

தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்துத் தாள்களாக்குவார்கள். அந்தத் தாள்களை வெட்டி, அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக வைத்தால் ஃபிரேம் தயார். இழை ஓடும் திசையில் பலம் அதிகம், குறுக்கே குறைவு. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்று வடிவமைப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். மிதிக்கும் விசை இறங்குகிற பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் விறைப்பாகவும், சீட்டுக்குக் கீழே கொஞ்சம் நெகிழ்வாகவும் ஒரே ஃபிரேமைச் செய்யலாம். அலுமினியக் குழாயில் இந்த அளவுக்குச் சுதந்திரம் கிடையாது.

ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பலன் இரண்டு: எடை குறையும், சாலையின் நடுக்கம் கைக்கும் இடுப்புக்கும் குறைவாக வரும். நாலைந்து மணி நேரம் தாண்டும்போது இரண்டாவதுதான் அதிகம் உதவும். விளம்பரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். “கார்பன் ஃபோர்க்” என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஃபிரேம் அநேகமாக அலுமினியம். முன்பக்கக் கவை மட்டும்தான் கார்பன். அதுவும் நல்ல சைக்கிளாக இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை.

என் பட்ஜெட் ரொம்பக் குறைவு. மலிவான கார்பன் வாங்கவா, நல்ல அலுமினியம் வாங்கவா?

ஒரே விலையில் இரண்டும் எதிரெதிரே நின்றால், நான் பெரும்பாலும் நல்ல அலுமினியத்தைத்தான் சொல்வேன். ஃபிரேமில் போன பணத்தைத் தயாரிப்பாளர் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். சக்கரம் கனமாக இருக்கும், டயர் கட்டையாக இருக்கும், பிரேக் மனசுக்குத் திருப்தியாகப் பிடிக்காது. கார்பன் ஸ்டிக்கர் ஒட்டிய அப்படியொரு சைக்கிளைவிட, நல்ல பிரேக்கும் நல்ல டயரும் கார்பன் ஃபோர்க்கும் உள்ள அலுமினிய சைக்கிள் நீண்ட தூரத்தில் நிம்மதியாக ஓடும்.

எந்த இடத்திலிருந்து கார்பன் நியாயமான தேர்வாகிறது? பெயரும் வாரண்டியும் உள்ள நிறுவனத்தின் ஃபிரேம், ஷிமானோ டியாக்ரா அல்லது 105 அளவிலான குரூப்செட் (கியர் பாகங்களின் தொகுப்பு), நம்பகமான பிரேக், இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் கைக்கு எட்டினால் தாராளமாக வாங்குங்கள். மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் கார்பன் வரும் என்றால் பொறுத்திருங்கள், அல்லது பழைய சைக்கிள் பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

ஒரு கிலோ குறைஞ்சா எவ்வளவு வேகம் கூடும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 வாட் சக்தியில் மிதிக்கும் ஒருவர், சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயரம் ஏற அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கிலோ குறைந்தால் அதில் சுமார் 50 வினாடி மிச்சம். அவ்வளவுதான். சமதளத்தில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

சமதளத்தில் எதிரி காற்று. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படி விகிதத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து 33 கி.மீ.க்குப் போக, காற்றுக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தி வேண்டும். அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் உடம்பால் வருவது. ஆக, 8.2 கிலோவா 8.9 கிலோவா என்று இரவெல்லாம் ஒப்பிடுவதைவிட, எந்த சைக்கிளில் உடம்பைத் தாழ்த்தி நெடுநேரம் வலியில்லாமல் இருக்க முடியும் என்று பார்ப்பது வேகத்துக்கு நல்லது. தொழில்முறைப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ 2000 முதல் விதி வைத்திருக்கிறது. பட்ஜெட் கார்பன் சைக்கிள்கள் முழுமையாகப் பூட்டிய நிலையில் பொதுவாக 8 முதல் 9 கிலோ இருக்கும். அது போதும்.

ட்ரையத்லான்னா ட்ரை பைக் தானே வாங்கணும்? ரோடு பைக்ல போனா சிரிக்க மாட்டாங்களா?

யாரும் சிரிக்க மாட்டார்கள். ட்ரை பைக் என்பது முழங்கையை ஊன்றித் தாழ்ந்து ஓட்டுவதற்கென்றே செய்த ட்ரையத்லான் சைக்கிள். ஸ்பிரிண்ட் பந்தயத்தில் சைக்கிள் 20 கி.மீ., ஒலிம்பிக் தூரத்தில் 40, அரை அயர்ன்மேனில் 90, முழு அயர்ன்மேனில் 180. இந்த நான்கிலும் ரோடு பைக்கில் வந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதி உள்ள பந்தயங்களில் ட்ரை பைக்குக்கு இடமே இல்லை, வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக்தான் கட்டாயம். ஒலிம்பிக்கில் நடப்பது அந்த வகைதான்.

முதல் சைக்கிளாக ட்ரை பைக் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன். குழுவாக ஓட்ட அது ஒத்துவராது. இறக்கத்திலும் கூர்மையான வளைவிலும் பழக்கமில்லாதவருக்குப் பயமுறுத்தும். வாரம் முழுக்கப் பயிற்சிக்கு ஒரு சைக்கிள், பந்தயத்துக்கு ஒரு சைக்கிள் என்று வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரோடு பைக் வாங்கி, பந்தயத்துக்கு முன் க்ளிப்-ஆன் ஏரோபார் (முழங்கையை ஊன்றித் தாழ்ந்து ஓட, ஹேண்டில்பார் மேல் மாட்டும் நீட்டுக் கம்பிகள்) மாட்டிக்கொள்ளலாம். அதில் சில சிக்கல்கள் உண்டு, கீழே தனிக் கேள்வியாகவே வருகிறது.

எண்டூரன்ஸ்ங்கிறாங்க, ரேஸ்ங்கிறாங்க, ஏரோங்கிறாங்க. எனக்கு எது?

எண்டூரன்ஸ் வகையில் ஹேண்டில்பார் உயரமாகவும் கொஞ்சம் கிட்டேயும் இருக்கும், அகலமான டயர் நுழையும். ஜயன்ட் டிஃபை, ட்ரெக் டொமேன், ஸ்பெஷலைஸ்டு ரூபே, கேனன்டேல் சினாப்ஸ், கேன்யன் எண்டூரேஸ் எல்லாம் இந்தக் குடும்பம். ரேஸ் வகையில் முதுகு தாழும், கை நீளும், சைக்கிள் சட்டென்று திரும்பும். ஜயன்ட் டிசிஆர், ஸ்பெஷலைஸ்டு டார்மாக் போன்றவை. ஏரோ வகை காற்றுக்கென்று குழாய்களைப் பட்டையாக்கியது. பட்ஜெட் விலையில் வரும்போது அது கனமாகவும் விறைப்பாகவும் இருப்பதுண்டு.

நீண்ட தூரம்தான் முக்கியம், நடுவே சில ட்ரையத்லான் என்றால் எண்டூரன்ஸ். உடம்பு நன்றாக வளையும், வயதும் இடம் கொடுக்கிறது, 40 கி.மீ. பந்தயங்கள்தான் குறி என்றால் ரேஸ். சந்தேகமாக இருந்தால் எண்டூரன்ஸ் பக்கம் சாயுங்கள். உயரமான ஹேண்டில்பாரைப் பிறகு கொஞ்சம் இறக்கலாம். தாழ்ந்த முன்பக்கத்தை ஏற்ற முயன்றால் சீக்கிரமே எல்லை வந்துவிடும். கார்பன் ஸ்டீரர் குழாயில் (ஃபோர்க்கிலிருந்து மேலே போய் ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய்) ஸ்பேசர் வளையங்களை அடுக்கப் பல நிறுவனங்கள் 30 – 40 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன.

சைஸ் எப்படிப் பார்க்கிறது? என் உயரத்துக்கு 54-ன்னு சொல்றாங்க.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஃபிரேமில் எழுதியிருக்கும் 52, 54, 56 எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே 54 ஒன்றில் நீளமாகவும் இன்னொன்றில் குட்டையாகவும் இருக்கும். நிறுவனங்கள் வெளியிடும் அளவுப் பட்டியலில் இரண்டு எண்களைத் தேடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஃபிரேமின் கழுத்துக் குழாய் உச்சிவரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு நடுவே கிடைமட்டமாக அளந்தால் ரீச். நடுத்தர சைஸ் ரேஸ் சைக்கிளில் ஸ்டாக் 540 – 545 மி.மீ. என்றால், எண்டூரன்ஸில் 565 முதல் 590 வரை போகும். ரீச் இரண்டிலும் 375 – 385க்குள் இருக்கும். நாலு சென்டிமீட்டர் உயர வித்தியாசம் காகிதத்தில் சின்னது, ஐந்தாவது மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும்.

உங்களுக்கு வேண்டிய எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்கெனவே ஒரு சைக்கிள் சௌகரியமாக இருந்தால் அதன் ஸ்டாக், ரீச், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இணைப்புத் துண்டு) நீளத்தைக் குறித்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால், வாங்குவதற்கு முன்பே ஒரு பைக் ஃபிட் செய்பவரிடம் போய் அளவெடுங்கள். வாங்கிய பிறகு போனால் அவரால் செய்ய முடிவது பாதிதான். சீட் உயரத்துக்கு ஆரம்பப் புள்ளியாக, கால் உட்பக்க நீளத்தை 0.883-ஆல் பெருக்குங்கள். பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரையான தூரம் கிடைக்கும். அதிலிருந்து சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஏரோபார் மாட்டப் போகிறீர்கள் என்றால் சின்னதை எடுங்கள். காரணம் ஏரோபார் கேள்வியில்.

குரூப்செட் எது போதும்? எலக்ட்ரானிக் வேணுமா?

ஷிமானோவில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ் என்று படிப்படியாக ஏறும். 105 என்னும் படியில் நின்றுவிட்டால் எந்தக் குறையும் இருக்காது. பின்னால் 11 கியர் வந்த பழைய 105 இன்னும் அருமையானது, 2023-இல் வந்த கேபிள் வகை 12 கியர் 105-உம் அப்படியே. டியாக்ராவின் 10 கியரும் நீண்ட தூரத்துக்குப் போதும். எலக்ட்ரானிக்கில் ஒரு நிஜமான வசதி உண்டு: ஏரோபார் முனையிலேயே கியர் மாற்றும் பொத்தான் வைக்கலாம். பட்ஜெட்டில் இடித்தால் அதை விட்டுவிடுங்கள்.

பெயரைவிடப் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். முன்னால் 50/34, பின்னால் 11–34 இருந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்புறம் வரும் ஏற்றத்தையும் உட்கார்ந்தே ஏறலாம். 52/36 முன்னாலும் 11–28 பின்னாலும் இருப்பது கால் பலம் உள்ளவர்களுக்கு. ட்ரையத்லானில் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும் என்பதை மறக்காமல், லேசான கியர் உள்ளதையே எடுங்கள்.

டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?

டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவே உள்ள தட்டைப் பிடிக்கும், ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். புதிதாக வாங்கினால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க். மழையிலும் நீண்ட இறக்கத்திலும் ஒரு விரலில் பிடிக்கும், அகலமான டயர் நுழையும், மாற்று உதிரிகளும் இனி அதற்குத்தான் அதிகம் வரும். கேபிளில் இயங்கும் டிஸ்க் பட்ஜெட் சைக்கிளில் அடிக்கடி தென்படும். ஓடும், ஆனால் அடிக்கடி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழையது வாங்குகிறவர்களுக்கு ரிம் பிரேக் நல்ல வாய்ப்பு: லேசானது, பராமரிப்பு சுலபம், விலையும் இறங்கியிருக்கும். சக்கரத்தின் ரிம் மட்டும் அலுமினியமாக இருக்கட்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி ரிம் கெடக்கூடும்.

எத்தனை எம்.எம். டயர் போடணும்? மெலிசா இருந்தாத்தானே வேகம்?

அந்த எண்ணம் பழசாகிவிட்டது. சொரசொரப்பான நிஜச் சாலையில் 28 மி.மீ. டயர், அழுத்தம் ஏற்றிய 23 மி.மீ. டயரைவிட மெதுவாக ஓடுவதில்லை. உடம்பை உலுக்காமல் இருப்பதால் பல சமயம் வேகமாகவே போகும். 28-ஐத் தொடக்கமாக வைத்து, சாலை மோசம் என்றால் 30 அல்லது 32. ஃபிரேமில் குறைந்தது 32 நுழைகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். காற்றழுத்தம் 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 65 – 75 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம் வந்திருந்தால் 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக்கூடாது, அந்த ரிம்முக்கு ஏற்றது என்று குறித்த டயர்தான் போட வேண்டும். அப்புறம், கடையிலிருந்து வரும் பட்ஜெட் சைக்கிளில் முதலில் மாற்ற வேண்டியது டயர்தான். நல்ல டயர் ஒரு ஜோடி தரும் வித்தியாசத்தை அதே காசில் வேறு எந்தப் பொருளும் தராது.

கார்பன் சக்கரம் இப்பவே வாங்கிடவா?

இப்போது வேண்டாம். ஆழமான ரிம் காற்றில் நிச்சயம் உதவும், ஆனால் அது மேலே சொன்ன உடம்பு நிலை, டயர், ஏரோபார் எல்லாம் சரியான பிறகு வரவேண்டியது. பக்கக் காற்று அடிக்கும் இடங்களில் 50 மி.மீ. ஆழ ரிம் முன்சக்கரத்தைத் தள்ளும், எடை குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக.

ஏரோபாரை எந்த ரோடு பைக்லயும் மாட்டிக்கலாம் இல்லையா?

இல்லை. பெரும்பாலோர் இதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். வழக்கமான க்ளிப்-ஆன் ஏரோபாரின் பிடி, 31.8 மி.மீ. விட்டமுள்ள உருண்டையான பகுதியைக் கவ்வும்படி செய்தது. மேற்பகுதி தட்டையான ஏரோ ஹேண்டில்பாரில் அதை மாட்ட இடமே இருக்காது. ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக வரும் சைக்கிளில் அந்த நிறுவனமே தனிப் பிடி விற்றால்தான் உண்டு. சில ஹேண்டில்பாரில் ஸ்டெம்முக்கு இரு பக்கமும் உடனே மெலிந்துவிடும், அதிலும் உட்காராது. கார்பன் ஹேண்டில்பார் என்றால் ஏரோபார் மாட்ட அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். அனுமதி இல்லாததை இறுக்கினால் இழை நசுங்கும். சாதாரண அலுமினிய உருண்டை ஹேண்டில்பாரோடு வரும் சைக்கிள்தான் இந்த விஷயத்தில் பாக்கியம்.

அடுத்தது உட்காரும் நிலை. ரோடு பைக்கின் சீட் குழாய் தரையோடு சுமார் 73 – 74 டிகிரி கோணத்தில் இருக்கும், ட்ரை பைக்கில் அது 76 டிகிரிக்கு மேல். ரோடு பைக்கில் அப்படியே முழங்கையை ஏரோபாரில் ஊன்றினால் உடம்பு அதிகமாக நீண்டு, இடுப்பு மடங்கி, தொடை வயிற்றில் இடிக்கும். அந்த நிலையில் 90 கி.மீ. மிதித்துவிட்டு இறங்கி ஓடுவது கஷ்டம். சீட்டை முன்னால் தள்ளி, சில மில்லிமீட்டர் உயர்த்தினால் இடுப்பு திறக்கும். பின்வளைவு இல்லாத சீட்போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் கம்பி) மூக்கு குட்டையான சீட்டும் இதற்கு உதவும். முழங்கைத் திண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் வர வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டியவர்களைச் சின்ன சைஸ் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: ரீச் குறைவாக இருந்தால் இந்த நீட்சி குறையும்.

பழகாமல் பந்தயத்துக்குப் போகாதீர்கள். ஏரோபாரில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது, எடை முன்சக்கரத்துக்குப் போவதால் சைக்கிள் திரும்பும் விதமும் மாறும். ஆளில்லாத நேரான சாலையில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். குழுவாக ஓட்டும்போது அதைத் தொடவே கூடாது. பலன் எவ்வளவு என்றால், மணிக்கு 30 கி.மீ.யில் போகும் ஒருவர் அதே உழைப்பில் 32-ஐத் தொட்டால் 90 கி.மீ.யில் 11 நிமிடம் மிச்சமாகும்.

கேபிள் எல்லாம் உள்ளே போகிற மாதிரி அழகா இருக்கே, அதை வாங்கலாமா?

அழகுதான். ஆனால் கேபிளும் பிரேக் குழாயும் கழுத்து பேரிங் வழியாக உள்ளே போனால், ஸ்டெம் நீளத்தை மாற்றுவதும் பேரிங்கை மாற்றுவதும் பெரிய வேலையாகிவிடும். பல அமைப்புகளில் பிரேக் குழாயைக் கழற்றி, திரும்ப எண்ணெய் ஏற்றி, காற்று நீக்க வேண்டியிருக்கும். புதியவருக்கு ஸ்டெம் மாற்றம் கட்டாயம் வரும், வெளியூர்ப் பந்தயத்துக்குப் பெட்டியில் அடைக்கும்போது ஹேண்டில்பாரையும் கழற்ற வேண்டி வரும்.

பட்ஜெட் கார்பனில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சாதாரணத்தன்மையைத்தான். 27.2 மி.மீ. உருண்டை சீட்போஸ்ட், மரையுள்ள பாட்டம் பிராக்கெட், தனித்தனி ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும். இவை எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட் உள்ளதை நான் ஒதுக்கச் சொல்லவில்லை, அளவு துல்லியமில்லாத மலிவு ஃபிரேமில் அது கிறீச்சிடத் தொடங்கினால் நிறுத்துவது பாடு.

பேர் தெரியாத பிராண்ட், டி800 கார்பன்னு போட்டிருக்கு, விலை பாதிதான். வாங்கலாமா?

டி700, டி800 என்பவை ஜப்பானின் டோரே நிறுவனம் தயாரிக்கும் இழையின் தரப் பெயர்கள். டி800 அதிக விறைப்பும் பலமும் உள்ள இழை, அது உண்மை. ஆனால் அந்த எழுத்து ஃபிரேமில் எத்தனை பங்கு அந்த இழை, எப்படி அடுக்கினார்கள், உள்ளே மடிப்பும் காற்றுக்குமிழும் இருக்கிறதா என்று எதையும் சொல்வதில்லை. மேலே முதல் பதிலில் சொன்ன அடுக்குதான் ஃபிரேமைத் தீர்மானிக்கிறது. டி700-இல் நன்றாகச் செய்த ஃபிரேம், டி800-இல் அவசரமாகச் செய்ததைவிடப் பல மடங்கு மேல்.

ஒரே தொழிற்சாலை அச்சில் செய்த ஃபிரேமைப் பல பெயர்களில் விற்பது வழக்கம்தான், அதிலேயே நல்லவையும் உண்டு. எனவே பெயரை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரத்தில் சோதித்த சான்று உண்டா? வாரண்டி எழுத்தில் எத்தனை ஆண்டு, அதை நிறைவேற்ற யாரை அணுகுவது? சீட் கிளாம்ப் (சீட்போஸ்ட்டை இறுக்கும் வளையம்), கியர் ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் சிறு துண்டு) போன்ற அந்த ஃபிரேமுக்கே உரிய உதிரிகள் தனியாகக் கிடைக்குமா? மொத்த எடை வரம்பு என்ன? விற்பவர் இதில் மழுப்பினால் வேண்டாம். பெரிய பிராண்டின் பெயர் போட்டு நம்ப முடியாத விலையில் வரும் ஃபிரேமை மட்டும் தொடவே தொடாதீர்கள். போலி ஃபிரேம் ஓடும்போது உடைந்தால் விழுவது முகம் குப்புற.

செகண்ட் ஹேண்ட் கார்பன் பயமா இருக்கு. எப்படிச் சோதிக்கிறது?

பயம் நியாயமானது, ஆனால் கவனமாகப் பார்த்தால் குறைந்த பணத்தில் நல்ல கார்பன் கிடைக்கும் வழி இதுதான். அடிபடாத கார்பன் ஃபிரேம் வருஷக்கணக்கில் உழைக்கும், அலுமினியம்போல் களைப்படைவதில்லை. பிரச்சினை எல்லாம் விழுந்ததிலும், அளவுக்கு மீறி இறுக்கியதிலும்தான்.

பகல் வெளிச்சத்தில், துடைத்த சைக்கிளைப் பாருங்கள். சக்கரங்களைக் கழற்றச் சொல்லுங்கள். கழுத்துக் குழாயும் கீழ்க் குழாயும் சேருமிடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்கம்பிகளின் உட்பக்கம், சீட் கிளாம்ப்புக்குக் கீழே, ஃபோர்க்கின் தோள், இந்த ஐந்தும்தான் முக்கியம். கோடு தெரிந்தால் நகத்தால் வருடுங்கள். பெயிண்ட் மட்டும் கீறியிருந்தால் மழமழவென்று போகும், இழை பிளந்திருந்தால் நகம் மாட்டும் அல்லது அழுத்தினால் அந்த இடம் உள்ளே போகும். ஒரு நாணயத்தால் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வரும் ஒலி ஒரு இடத்தில் திடீரென்று மங்கினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். குழாய் தடிமன் மாறும் இடத்திலும் ஒலி மாறும் என்பதால், இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

சீட்போஸ்ட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட்போஸ்ட் வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் வியர்வையும் ஈரமும் சேர்ந்து அரித்து, அது உள்ளேயே பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள். முடிந்தால் ஸ்டெம்மைக் கழற்றி ஸ்டீரர் குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்டில்பாரின் நுனியும் கியர் லீவரும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சைக்கிள் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. விற்பவரிடம் கேளுங்கள், பதிலின் தொனியே நிறையச் சொல்லும்.

விழுந்துட்டேன். வெளியே ஒண்ணும் தெரியலை. ஓட்டலாமா?

மேலே சொன்ன ஐந்து இடங்களையும் அதே முறையில் சோதியுங்கள். சந்தேகம் வந்தால், அல்ட்ராசவுண்ட் மூலம் பார்க்கும் கார்பன் பழுது நிபுணரிடம் காட்டும்வரை ஓட்டாதீர்கள். ஃபிரேம் குழாயில் வந்த விரிசலைப் பெரும்பாலும் சரிசெய்யலாம், நன்றாகச் செய்தால் பலமாகவே இருக்கும். ஃபோர்க், ஹேண்டில்பார், ஸ்டீரர் மூன்றிலும் சந்தேகம் என்றால் பழுது பார்க்காமல் மாற்றிவிடுங்கள். சில நிறுவனங்கள் விபத்தில் போன ஃபிரேமுக்குச் சலுகை விலையில் மாற்று தருகின்றன. வாங்கும்போதே அந்தத் திட்டத்தைக் கேட்டுவைப்பது நல்லது.

கார்பன்னா ரொம்பப் பத்திரமா வெச்சுக்கணுமா? வெயில், வியர்வை எல்லாம் ஆகாதா?

வெயிலில் ஓட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், மேலே பூசிய வார்னிஷ் பாதுகாக்கும். கார்பன் அஞ்சுவது ஒரே இடத்தில் விழும் நசுக்கலுக்கு. ஸ்டேண்டில் மாட்டும்போது ஃபிரேம் குழாயைக் கவ்வ விடாதீர்கள், சீட்போஸ்ட்டைப் பிடிக்கட்டும். மேல் குழாயைக் கவ்வும் கார் கேரியரும் கூடாது. ஸ்டெம், சீட்போஸ்ட் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, பொருளின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். சீட்போஸ்ட் வழுக்கினால் இன்னும் இறுக்காமல், கார்பனுக்கான சொரசொர பேஸ்ட் தடவுங்கள்.

வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் பூட்டி ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் சைக்கிள் மேல் துண்டு போடுங்கள். வியர்வை கார்பனை ஒன்றும் செய்யாது, போல்ட்டையும் கழுத்து பேரிங்கையும் தின்றுவிடும். ட்ரெய்னரில் பூட்ட வாரண்டி இடம் தருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே சைக்கிள்ல அரை அயர்ன்மேனும் பண்ணணும், 200, 300 கி.மீ. பிரெவேயும் போகணும். நடக்குமா?

நடக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பந்தயமல்லாத நெடுந்தூர ஓட்டம். அதில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி நேரம் கிடைக்கும். அங்கே வேகத்தைவிடக் கை, கழுத்து, உட்காருமிடம் தாங்குவதுதான் காரியம். சீட் வழக்கமான ரோடு நிலையில், 30 அல்லது 32 டயர், இரவுக்கு விளக்கும் ஒளிர்சட்டையும். ட்ரையத்லானுக்குச் சீட் முன்னால், ஏரோபார், 28 டயர். இரண்டு அமைப்பின் அளவுகளையும் எழுதிவைத்து, சீட்போஸ்ட்டில் மெல்லிய டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இன்னும் வசதி வேண்டுமென்றால் சீட்டோடு பூட்டிய இரண்டாவது சீட்போஸ்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை சீட்போஸ்ட்டுக்கு நான் வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்தயத்தன்று ஒரு விதி: அயர்ன்மேன் போட்டிகளில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும், முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை 12 மீட்டர் இடைவெளி வேண்டும். உள்ளே நுழைந்தால் 25 வினாடிக்குள் தாண்டிப் போக வேண்டும். பிரெவே பழக்கத்தில் ஒட்டி ஓட்டினால் அபராத நேரம் விழும்.

எல்லாப் பணத்தையும் சைக்கிளுக்கே போட்டுடலாமா?

கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கிவையுங்கள். ரோடு பைக்குகள் பெரும்பாலும் பெடல் இல்லாமலே வரும். பெடல், ஷூ, நல்ல ஹெல்மெட், இரண்டு பாட்டில் கூடு, பஞ்சர் சாமான், பம்பு, பைக் ஃபிட், டயர், அப்புறம் ஏரோபார். இந்த வரிசையில் வாங்குங்கள். சின்ன ஃபிரேம் என்றால் இரண்டு பெரிய பாட்டில் உள்ளே நுழைகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் ஏரோபாருக்கு நடுவே ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். செயின் தேய்மானம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 11, 12 கியர் செயினை 0.5 சதவீதத் தேய்மானத்திலேயே மாற்றினால் கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) நெடுநாள் வரும்.

ஏற்கெனவே ஒரு அலுமினிய ரோடு பைக் இருக்கு. வித்துட்டு கார்பனுக்குப் போகவா?

அந்த சைக்கிளின் அளவு உங்களுக்குப் பொருந்துகிறதா? பொருந்தினால் முதலில் டயர், பைக் ஃபிட், ஏரோபார் மூன்றையும் அதில் செய்து ஒரு சீசன் ஓட்டுங்கள். பிறகும் மாற்றத் தோன்றினால், உங்களுக்கு வேண்டிய ஸ்டாக், ரீச் இரண்டும் கையில் இருக்கும், ஏரோபாரையும் பெடலையும் புது சைக்கிளுக்கே கொண்டுபோகலாம். பொருந்தாத சைக்கிள் என்றால் யோசிக்க வேண்டாம், விற்றுவிட்டு அளவு சரியானதைத் தேடுங்கள். அது கார்பனாக அமைந்தால் நல்லது. பழையதை விற்பதற்கு முன் அதன் சீட் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரையான தூரம் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.